ஆயிரத்தில் ஒன்று தவறலாமா?

மும்பையின் கிழக்குப் புறநகரில், செம்பூரைக் கடந்து சயான் - டிராம்பே சாலை மான்கூர்டை நோக்கிச் செல்லும் வழியில், டிராம்பே குன்றை ஒட்டி அமைந்துள்ள அணுசக்தி நகர், இந்திய அணுசக்தித் துறையின் ஊழியர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் வாழ்வதற்கென்று உருவாக்கப்பட்ட குடியிருப்பாகும். குன்றுக்கு அப்பால் கடலோரத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இருக்க, நகருக்குள்ளேயே அம்மையத்தின் மருத்துவமனையும், அணுசக்தி மத்தியப் பள்ளிகளும், இந்திய அணுமின் கழகத்தின் தலைமையகமும், நாட்டின் அணுமின் நிலையங்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் இயங்குகின்றன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறை தலைமுறையாக வேரூன்றிய தமிழர்களுக்கு இந்நகர் அயலானதன்று. அங்குள்ள ஆய்வகங்களிலும் பணிமனைகளிலும் தமிழர்கள் தொடக்க காலம் முதலே உழைத்து வந்திருக்கிறார்கள்.

தனிமனிதர் ஒருவர் தம் வேலையில் மேன்மையை நாடுவது என்றால் என்ன என்பதை ஆராய்வதற்கு இந்நகரைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் அதிகம் இருக்க முடியாது. மேன்மை என்றதும் முதல் மதிப்பெண், முதல் பரிசு, பிறரை முந்துதல் என்பவையே பொதுவாக நினைவுக்கு வருகின்றன. டிராம்பேயில் நடக்கும் வேலையின் தன்மையோ வேறோர் அளவுகோலை வற்புறுத்துகிறது. எவ்வளவு செய்தால் போதும் என்பதை மேலதிகாரியோ, தேர்வாளரோ, அண்டை வீட்டாரோ அங்கு முடிவு செய்வதில்லை. எடுத்துக்கொண்ட பொருளும், அது செய்து முடிக்க வேண்டிய பணியுமே முடிவு செய்கின்றன.

இதை ஒரு கணக்கின் வழியாகத் தெளிவுபடுத்தலாம். 1983ஆம் ஆண்டு ஜூலையில் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கிய முதல் உலையைப் போன்ற 220 மெகாவாட் கனநீர் உலை ஒவ்வொன்றிலும் எரிபொருளைத் தாங்கும் 306 வழித்தடங்கள் உள்ளன. (கனநீர் என்பது சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் எடைமிகுந்த வகையான டியூட்டீரியத்தைக் கொண்ட நீர், அது நியூட்ரான்களை விழுங்கிவிடாமல் அவற்றின் வேகத்தை மட்டும் தணிப்பதால், செறிவூட்டப்படாத இயற்கை யுரேனியத்தையே எரிபொருளாகப் பயன்படுத்த முடிகிறது.) ஒவ்வொரு வழித்தடத்திலும் 12 எரிபொருள் தொகுப்புகளும், ஒவ்வொரு தொகுப்பிலும் 19 மெல்லிய குழாய்களும் இருக்கின்றன. யுரேனிய ஆக்சைடு வில்லைகளை உள்ளே அடுக்கிய பின் ஒவ்வொரு குழாயின் இரு முனைகளும் அடைக்கப்பட்டுப் பற்றவைக்கப்படுகின்றன. இவற்றைப் பெருக்கிப் பார்த்தால், ஓர் உலைக்குள் இருக்கும் குழாய்கள் 69,768 என்றும், பற்றவைப்புகள் 1,39,536 என்றும் கிடைக்கும். ஆயிரம் பற்றவைப்புகளில் 999 குறையின்றி அமைத்துவிடும் தொழிலாளியை எந்தப் பட்டறையும் தலைசிறந்தவர் என்றே போற்றும். ஆனால் அந்த விகிதத்தில் வேலை நடந்தால் இந்த ஓர் உலைக்குள் மட்டும் ஏறத்தாழ 140 கசிவுகள் இருக்கும். கசியும் தொகுப்பைக் கண்டுபிடித்து, உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே எடுத்துவிடும் வசதி இவ்வகை உலைகளில் உண்டு என்றாலும், 140 கசிவுகளோடு ஓடும் உலையை எவரும் ஏற்கமாட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது என்பது பள்ளித் தேர்வில் கொண்டாடத்தக்க மதிப்பெண்; அதே எண் இங்கே தோல்வியின் அடையாளம்.

அந்தக் குழாய்கள் செய்யப்படும் உலோகத்தின் கதை இன்னும் நுட்பமானது; அதில் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் பங்குண்டு. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் கலந்திருக்கும் சிர்கான் என்னும் தாதுவை அங்குள்ள மத்திய அரசின் மணல் ஆலை பிரித்தெடுக்கிறது. சிர்கானிலிருந்து கிடைக்கும் சிர்கோனியம் என்ற உலோகம் வெப்பத்தையும் அரிப்பையும் தாங்குவதோடு நியூட்ரான்களை மிகக் குறைவாகவே உட்கவர்வதால், அதன் கலவை எரிபொருள் குழாய்களுக்கு ஏற்றதாகிறது. இவ்வேலைக்கென்றே தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயலில் சிர்கோனிய வளாகம் ஒன்று நிறுவப்பட்டுள்ளது. ஆயினும் இயற்கையில் சிர்கோனியம் தனித்துக் கிடைப்பதில்லை. ஹாஃப்னியம் என்ற இன்னோர் உலோகம் ஏறத்தாழ 2 சதவீத அளவுக்கு அதனோடு எப்போதும் சேர்ந்தே வருகிறது. வேதிப்பண்புகளில் இவ்விரண்டும் பிரித்தறிய இயலாத அளவுக்கு ஒத்திருப்பவை என்பதால், 1789இல் மார்ட்டின் கிளாப்ரோத் சிர்கோனியத்தை இனங்கண்ட பின்னும் 130 ஆண்டுகளுக்கு மேலாக வேதியியலாளர்கள் எவரும் அதற்குள் இன்னொரு தனிமம் ஒளிந்திருப்பதைக் கண்டுகொள்ளவில்லை. 1923இல் கோபன்ஹேகனில் டிர்க் காஸ்டரும் ஜார்ஜ் ஹெவெசியும் எக்ஸ் கதிர் ஆய்வின் மூலம் ஹாஃப்னியத்தைக் கண்டறிந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அதுவரை உலகம் தூய சிர்கோனியம் என்று நம்பிப் பயன்படுத்தியது கலப்புள்ள சரக்கையே. அன்றைய தேவைகளுக்கு அது போதுமானதாக இருந்தது என்பதும் உண்மை.

அணு உலை வந்ததும் அந்தப் போதுமான நிலை ஒரே அடியாக மாறியது. ஹாஃப்னியம் நியூட்ரான்களை உட்கவரும் திறன் சிர்கோனியத்தின் திறனைப் போல 500 மடங்குக்கும் மேற்பட்டது என்பதால், 2 சதவீதக் கலப்பு இருந்தாலே அந்த உலோகம் தூய சிர்கோனியத்தைவிட ஆறேழு மடங்கு நியூட்ரான்களை விழுங்கிவிடும். தொடர்வினையை நடத்த வேண்டிய நியூட்ரான்கள் குழாயின் சுவரிலேயே வீணாகும். ஆகவே அணு உலைத் தரச் சிர்கோனியத்தில் ஹாஃப்னியம் பத்து லட்சத்தில் 100 பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டுள்ளது. அந்த அளவுக்கு இறக்கிவிட்டால் கூடுதல் இழப்பு சில சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. உடன்பிறந்த இரட்டையரைப் போன்ற இரு உலோகங்களை இவ்வளவு துல்லியமாகப் பிரிக்க, ஒன்று ஒரு கரைப்பானுக்குள்ளும் மற்றொன்று இன்னொன்றுக்குள்ளும் சற்றே கூடுதலாகச் செல்லும் சிறு வேறுபாட்டைப் பயன்படுத்தி, அதையே கட்டங்கட்டமாகப் பலமுறை செய்ய வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கிடைக்கும் முன்னேற்றம் சிறிது. கட்டங்கள் பல சேர்ந்தபின் கிடைப்பதோ பழைய வேதியியலாளர்கள் கனவிலும் கண்டிராத தூய்மை.

யுரேனியத்திலும் இதே கண்டிப்பு உண்டு. போரான் நியூட்ரான்களைப் பெரும்பசியோடு உட்கவர்வதால், உலைக்குச் செல்லும் யுரேனியத்தில் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவைக்கூட எட்டக் கூடாது. டிராம்பேயின் யுரேனிய உலோக ஆலை 1959ஆம் ஆண்டு ஜனவரியில் அணு உலைத் தரமுள்ள முதல் உலோகக் கட்டியை வார்த்தது. 1960 ஜூலை 10 அன்று சைரஸ் உலை மாறுநிலையை, அதாவது தொடர்வினை தன்னைத்தானே நிலைநிறுத்திக்கொள்ளும் நிலையை, அடைந்தபோது அதன் முதல் எரிபொருளில் ஏறத்தாழப் பாதி இந்தியாவிலேயே செய்யப்பட்டதாக இருந்தது. சைரஸ் கனடா நாட்டின் உதவியோடு கட்டப்பட்ட உலை என்பதால் எரிபொருள் முழுவதையும் அங்கிருந்தே தருவித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். உலோகவியல் அறிஞர் பிரம்ம பிரகாஷ் போன்றோரின் வழிநடத்தலில் இயங்கிய அன்றைய இளைஞர்கள் கடினமான வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாசை நீக்குவதற்கு முன், அவ்வளவு சிறிய மாசை அளந்தறியும் திறமையை ஆய்வகம் பெற்றாக வேண்டும். எனவே உற்பத்தி செய்தவர்களுக்கு இணையாக, ஏன், அவர்களையும் மிஞ்சி, பகுப்பாய்வு செய்த வேதியியலாளர்கள் தங்கள் கைப்பழக்கத்தை உயர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது.

இத்தகைய மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்கு ஹோமி பாபா செய்த ஏற்பாடு விடையாகிறது. 1954இல் டிராம்பேயில் நிறுவனத்தைத் தொடங்கியபோதே தகுதியுள்ளோர் போதிய அளவில் நாட்டில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். 1956 ஆகஸ்ட் 4 அன்று அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தபோதிலும் வடிவமைப்பும் கட்டுமானமும் இந்தியர்களுடையவை. அடுத்த ஆண்டே, 1957 ஆகஸ்டில், பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகப் பட்டத்தை முடிவாகக் கொள்ளாமல் தொடக்கமாகக் கருதிய அப்பள்ளி, இயற்பியல் படித்தவர்களுக்குப் பொறியியலையும், பொறியியல் படித்தவர்களுக்கு அணு இயற்பியலையும் ஓராண்டு காலம் கற்பித்த பின்னரே வேலையில் அமர்த்தியது. நல்ல கல்லூரியில் நல்ல மதிப்பெண் பெற்றவரிடம், அந்த அளவு இவ்விடத்திற்குப் போதாது என்று முதல் நாளிலேயே உணர்த்துவது எளிய செயலன்று. அதை இழிவுபடுத்தலாக ஆக்காமல் அழைப்பாக ஆக்கியதுதான் அப்பள்ளியின் பெருமை.

மேன்மைக்கும் போதும் என்ற மனநிலைக்கும் இடையிலான போராட்டத்தை மிகத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு துருவா உலையின் வரலாறு. டிராம்பேயில் இந்தியர்களே வடிவமைத்துக் கட்டிய, 100 மெகாவாட் வெப்பத்திறனுள்ள இந்த ஆராய்ச்சி உலை, பத்தாண்டு உழைப்புக்குப் பின் 1985 ஆகஸ்ட் 8 அன்று மாறுநிலையை எட்டியது. கொண்டாட்டம் நீடிக்கவில்லை. குளிர்விப்பதற்காக வேகத்தோடு பாய்ந்த கனநீர், எரிபொருள் தொகுப்புகளை வழித்தடத்துக்குள் அதிரச் செய்தது. அதிர்வினால் யுரேனியத்தை மூடியிருந்த அலுமினிய உறைகள் சேதமடைய, கதிரியக்கப் பொருள்கள் கனநீரில் கலக்கத் தொடங்கின. உலையை நிறுத்த வேண்டியதாயிற்று. இவ்வளவு பெரிய உலையைச் சொந்தமாக வடிவமைத்த முதல் முயற்சியிலேயே இப்படி நேர்ந்தது வெளியில் ஏளனத்தையும் உள்ளே சோர்வையும் உண்டாக்கப் போதுமானது.

அந்த நேரத்தில் மையத்தின் இயக்குநராக இருந்தவர் பி. கே. ஐயங்கார். திருவனந்தபுரத்தில் 1931இல் பிறந்த இவர், இளமையில் கனடாவின் சாக் ரிவர் ஆய்வகத்தில் பெர்ட்ரம் பிராக்ஹவுஸிடம் நியூட்ரான் சிதறல் ஆய்வைக் கற்றவர். அத்துறைக்காகவே பிராக்ஹவுஸ் 1994இல் நோபல் பரிசு பெற்றார். புளூட்டோனியத்தை எரிபொருளாகக் கொண்டு 1972 மே மாதம் இயங்கிய பூர்ணிமா உலையை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவரும் ஐயங்காரே. துருவாவின் சிக்கலை அவருடைய குழுவினர் இரு வழிகளில் அணுகியிருக்க முடியும். திறனைக் குறைத்து ஓட்டினால் நீரோட்டத்தின் வேகமும் குறையும், அதிர்வும் அடங்கும், உலையும் இயங்குவதாகக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்; அல்லது அதிர்வின் மூலகாரணத்தையே தேடிச் சென்று நீக்கலாம். அவர்கள் உலையைக் குறைந்த திறனில் ஓட்டத்தான் செய்தார்கள். அதை வந்து சேர்ந்த இடமாகக் கருதாமல் ஆய்வுக்கான படியாக மட்டுமே கருதினார்கள். தொகுப்புகள் அசையாமல் இறுகப் பிடித்துக்கொள்ளும் வகையில் நான்கு இலை வில்தகடுகளைக் கொண்டதாக எரிபொருள் தொகுப்பு மறுவடிவமைப்புச் செய்யப்பட்டது. முதன்முதலாக இயங்கி இரண்டு ஆண்டுகளும் ஐந்து மாதங்களும் கடந்தபின், 1988 ஜனவரி 17 அன்று, துருவா தன் முழுத் திறனை எட்டியது. அதன்பின் நாட்டு மருத்துவமனைகளுக்குத் தேவையான கதிரியக்க ஐசோடோப்புகளைத் தருவதிலும் நியூட்ரான் ஆய்விலும் பல பத்தாண்டுகளாக இந்த உலை முதன்மையான இடத்தை வகித்து வந்திருக்கிறது. தீர்வாக அமைந்தது ஒரு வில்தகடு. அதைக் கண்டடைவதற்குத் தேவைப்பட்டது, பாதியில் நிம்மதி கொள்ள மறுத்த மனம்.

இப்படி மறுப்பது ஏன் அரிதாக இருக்கிறது என்பதற்கு அறிவியல் தரும் விளக்கம் உண்டு. 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதர்கள் முடிவெடுக்கும் முறையை ஆராய்ந்து, காலமும் தகவலும் கணிக்கும் ஆற்றலும் வரம்புக்குட்பட்டவை என்பதால் எவரும் எல்லாவற்றிலும் மிகச் சிறந்ததைத் தேடுவதில்லை என்றும், மனத்துக்குள் ஓர் எதிர்பார்ப்பு மட்டத்தை வகுத்துக்கொண்டு அதை எட்டும் முதல் வழியை ஏற்றுக்கொள்கிறார்கள் என்றும் 1950களில் காட்டினார். இதை ஒரு குறை என்று கொள்ள வேண்டியதில்லை. காய்கறி வாங்குவதற்கு மும்பையின் எல்லாச் சந்தைகளையும் ஒருவர் சுற்றிவர முடியாது. சைமனின் விளக்கத்தில் கவனிக்க வேண்டியது, அந்த எதிர்பார்ப்பு மட்டம் நிலையானதன்று என்ற பகுதியே. எளிதில் வெற்றி கிடைத்தால் அது உயர்கிறது; முயற்சி கடினமானால் தாழ்கிறது. தாழும்போது எந்த ஓசையும் எழுவதில்லை என்பதால் தாழ்ந்ததை உரியவரே அறிவதில்லை.

துருவாவின் பொறியாளர்கள் அதிர்வுகளோடு போராடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1986 ஜனவரி 28 அன்று, அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் ஏவப்பட்ட 73 விநாடிகளில் சிதறி ஏழு பேர் உயிரிழந்தனர். திட எரிபொருள் பூஸ்டரின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் முந்தைய பறப்புகளிலேயே அரிக்கப்பட்டிருந்தன என்பதும், ஒவ்வொரு முறையும் கலம் பத்திரமாகத் திரும்பிவிட்டதால் அந்த அரிப்பு ஏற்கத்தக்கதென்று பதிவு செய்யப்பட்டது என்பதும் விசாரணையில் தெரியவந்தன. சமூகவியலாளர் டயான் வான் இதை நுணுகி ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட நூலில், விதியிலிருந்து விலகுவது மெல்ல மெல்ல வழக்கமாகிவிடும் இந்நிலையை விலகலின் இயல்பாக்கம் என்று குறிப்பிட்டார். அங்கே எவரும் தீய எண்ணத்தோடு செயல்படவில்லை. நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்கான சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

இந்திய அணுசக்தித் துறையும் இத்தகைய பாடத்திலிருந்து தப்பவில்லை. உத்தரப் பிரதேசத்து நரோராவில் 1993 மார்ச் 31 அதிகாலையில் முதல் அலகின் விசைச்சுழலியில் இரண்டு இறக்கைத் தகடுகள் முறிந்தன. அதனால் எழுந்த கடும் அதிர்வில் மின்னாக்கியைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. தீ மின்கம்பிகள் வழியே பரவியபோது, மாற்று மின்சாரத்துக்கான கம்பிகளும் போதிய தீத்தடுப்பின்றி அதே பாதையில் இடப்பட்டிருந்ததால், நிலையம் ஏறத்தாழ 17 மணிநேரம் மின்சாரம் இன்றித் தவித்தது. கட்டுப்பாட்டு அறையைப் புகை சூழ்ந்தது. ஊழியர்கள் உலையை உடனடியாக நிறுத்தி, இருளில் கைவிளக்குகளோடு சென்று வால்வுகளைக் கையால் திறந்து, டீசலில் இயங்கும் தீயணைப்புப் பம்புகளின் நீரைக்கொண்டு உலையின் வெப்பத்தைத் தணித்தார்கள், கதிரியக்கம் வெளியேறவில்லை. அன்று இரவு பணியிலிருந்தவர்களின் திறமை எவ்வளவு போற்றத்தக்கதோ, அவ்வளவு கண்டிக்கத்தக்கது கம்பிகளை ஒரே பாதையில் இட்டு, இதுவே போதும் என்று விட்டுவிட்ட முந்தைய முடிவு. தனிமனித மேன்மை ஓர் அமைப்பின் அலட்சியத்தை ஓரிரவு ஈடுசெய்யலாம். எப்போதும் ஈடுசெய்யும் என்று நம்பியிருக்க முடியாது. அதன்பின் நாட்டின் மற்ற நிலையங்களிலும் சுழலியின் இறக்கைத் தகடுகளும் கம்பி அமைப்புகளும் சீர்செய்யப்பட்டன.

மேன்மையை நாடுவதைத் தனிமனிதரின் விருப்பத்துக்கு விட்டுவிடாமல் விதியாகவே எழுதி வைத்திருக்கும் துறைகள் உலகில் மிகச் சில. கதிரியக்கப் பாதுகாப்பு அவற்றுள் ஒன்று. கதிர்வீச்சோடு பணிபுரியும் ஒருவர் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்ற அளவுக்குள் இருக்க வேண்டும் என்றும், எந்த ஓராண்டிலும் 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது என்றும் 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு வகுத்துள்ளது. (மில்லிசீவர்ட் என்பது கதிர்வீச்சு உடலுக்கு ஏற்படுத்தும் பாதிப்பைக் குறிக்கும் அலகு.) இதைப் பார்க்கும் சாதாரண வாசகர், 19 மில்லிசீவர்ட் பெற்றவர் விதிக்குள் இருக்கிறார், அத்தோடு பேச்சு முடிந்தது என்று எண்ணக்கூடும். பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 1977இல் வெளியிட்ட பரிந்துரைகளில் வலியுறுத்திய கொள்கை அவ்வாறு எண்ண இடம்தருவதில்லை. வரம்புக்குள் இருப்பது குறைந்தபட்சத் தேவை மட்டுமே. பொருளாதார, சமூகக் காரணங்களைக் கருத்தில் கொண்டு, நியாயமாக இயலும் அளவுக்கு ஒவ்வொரு பணியிலும் கதிர்வீச்சை மேலும் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே ஒரு வேலையைத் திட்டமிடும் பொறியாளர், வரம்பைத் தாண்டுகிறோமா என்ற கேள்வியோடு நின்றுவிட முடியாது. சென்ற முறையைவிட இம்முறை எவ்வாறு குறைக்கலாம் என்றும் கேட்டாக வேண்டும். ஊழியர்கள் மார்பில் அணிந்து செல்லும் சிறிய அளவி அட்டை அந்தக் கேள்விக்கான விடையைத் தவறாமல் பதிவு செய்துகொண்டே இருக்கிறது.

கேட்பதோடு முடிவதில்லை, பயிற்சியும் வேண்டும். கதிர்வீச்சு மிகுந்த இடத்தில் பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டிய வேலையை, அதே அளவில் அமைத்த மாதிரி ஒன்றின் மீது கதிர்வீச்சு இல்லாத அறையில் பலமுறை செய்து பழகிய பின்னரே ஊழியர்கள் உள்ளே அனுப்பப்படுகிறார்கள். எந்தத் திருகை எந்தக் கையால் முதலில் தளர்த்துவது, கருவியை எங்கே வைத்துக்கொள்வது என்பனவெல்லாம் முன்னதாகத் தீர்மானிக்கப்பட்டு, வீணாகும் நொடிகள் ஒவ்வொன்றாகக் களையப்படுகின்றன. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லினில் வயலின் பயின்ற மாணவர்களை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரை, திறமைசாலிகளை வேறுபடுத்துவது வாசித்த நேரம் மட்டுமன்று, தமக்கு வராத பகுதியைத் தேர்ந்தெடுத்துத் திருத்தத்தோடு திரும்பத் திரும்பச் செய்யும் நோக்கமுள்ள பயிற்சி என்ற கருத்தை முன்வைத்தது. மாட்டுங்காவின் சண்முகானந்தா சபையிலும் செம்பூரின் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியிலும் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. சரளி வரிசையை மூன்று காலங்களிலும் பாடவைத்து, பிசகிய ஒரே சுரத்துக்காக வரிசை முழுவதையும் மறுபடியும் தொடங்கச் சொல்லும் பாட்டு ஆசிரியர்கள் இதை அறிந்தே இருந்தார்கள். எரிக்சன் குறிப்பிட்ட இன்னொன்று கூடுதல் கவனத்துக்குரியது: ஒரு வேலை தானாக வந்துவிடும் நிலையை அடைந்ததும் பெரும்பாலோரின் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடுகிறது. இருபது ஆண்டு அனுபவம் என்று சொல்லப்படுவது பல வேளைகளில் ஓராண்டு அனுபவத்தை இருபது முறை திருப்பிச் செய்ததாகவே இருக்கிறது.

பார்ப்பவர் இல்லாத இடத்தில் செய்யப்படும் வேலைக்கு இவ்வளவும் இரட்டிப்பாகப் பொருந்தும். உலைக்குள் சென்றுவிட்ட பற்றவைப்பை யாரும் கண்ணால் பார்த்துப் பாராட்டப் போவதில்லை. அதைச் செய்தவரின் பெயர் எந்தக் கட்டுரையிலும் அச்சாகப் போவதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் படித்து, 1962இல் டிராம்பேயில் சேர்ந்து, பின்னாளில் அணுசக்தி ஆணையத்தின் தலைவராக உயர்ந்து, 2025 ஜனவரி 4 அன்று மும்பையில் மறைந்த ஆர். சிதம்பரம், நியூட்ரான் கதிர்களைக் கொண்டு படிகங்களுக்குள் ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறியும் ஆய்வில் பெயர் பெற்றவர்; ஆனால் 1974ஆம் ஆண்டின் பொக்ரான் அணுவெடிப்புச் சோதனைக்காக அவர் செய்த பணி, இயல்பிலேயே வெளியிடத் தகாதது. உலகின் மதிப்பீட்டுக்குச் செல்லாத வேலையையும், சென்ற வேலையைப் போன்றே கண்டிப்போடு செய்ய முடிகிறதா என்பது, ஒருவரின் மேன்மை அவருக்குள் வேரூன்றியதா, பிறர் பார்வையில் தொங்குகிறதா என்பதைக் காட்டிவிடும்.

மேன்மையை நாடுவதற்கும் குறையே இருக்கக்கூடாது என்று தன்னை வாட்டிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். உளவியலாளர் டான் ஹமாசெக் 1978இலேயே முழுமை நாட்டத்தை இயல்பானது, நோய்த்தன்மையுடையது என இரண்டாகப் பிரித்தார். முதல் வகையினர் உயர்ந்த அளவை வகுத்துக்கொண்டு உழைப்பதில் மகிழ்ச்சி காண்கிறார்கள். சூழ்நிலை கேட்கும்போது கண்டிப்பைத் தளர்த்தவும் அவர்களால் முடிகிறது. இரண்டாம் வகையினருக்கு எதைச் செய்தாலும் நிறைவில்லை. அவர்களை நடத்துவது தோற்றுவிடுவோமோ என்ற அச்சம். கதிரியக்கப் பாதுகாப்புக் கொள்கையிலுள்ள ‘நியாயமாக இயலும் அளவுக்கு’ என்ற சொற்றொடர் இவ்வகையில் ஆழ்ந்த விவேகமுடையது. ஒரு மில்லிசீவர்ட்டின் சிறு பின்னத்தைக் குறைப்பதற்காகக் கோடிக்கணக்கில் செலவிட்டு, பத்துப் பேரைக் கூடுதலாக உள்ளே அனுப்புவது மேன்மையாகாது என்பதை அது ஏற்றுக்கொள்கிறது. ஹாஃப்னியத்துக்கும் இதுவே பொருந்தும்: பத்து லட்சத்தில் 100 பங்கு என்று நிறுத்தியவர்கள் சுழியத்தைக் கேட்கவில்லை, உலைக்கு எவ்வளவு தேவை என்பதைக் கேட்டார்கள்.

அணுசக்தி நகரின் பள்ளிகளில் படிக்கும் குழந்தைகளும், செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகளும் நாள்தோறும் சுமப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை நாட்டத்தையே. தரவரிசை என்பது மற்றவர்களோடு வைத்துப் பார்க்கும் கணக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளை சரியாகப் படிக்காவிட்டால், எதையும் புதிதாகக் கற்காமலேயே ஒருவரின் வரிசை உயர்ந்துவிடும். ஓர் உலையின் பற்றவைப்புக்கு அப்படியொரு சலுகை கிடையாது. மற்ற நாட்டுப் பற்றவைப்புகள் இன்னும் மோசமானவை என்பதால் இங்குள்ள கசிவு நின்றுவிடப் போவதில்லை. பிள்ளை எந்த இடத்தில் வந்தது என்று கேட்பதற்கு முன், எது புரியாமல் விடுபட்டது என்று கேட்கும் பெற்றோர், அறிந்தோ அறியாமலோ டிராம்பேயின் அளவுகோலைத் தங்கள் வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். அந்தக் கேள்வியைக் கடிந்துகொள்ளாமல் கேட்பது அதனினும் முக்கியம்.

சாதனை எண்களுக்கும் தரத்துக்கும் உள்ள உறவைக் கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையம் அண்மைக் காலத்தில் விளக்கிக் காட்டியது. அதன் முதல் அலகு 2016 மே 13 முதல் ஒருநாளும் நிற்காமல் ஓடி, பிரிட்டனின் ஹீஷம் நிலையத்து உலை வைத்திருந்த 940 நாள் உலக சாதனையை 2018 டிசம்பரில் கடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட பற்றவைப்புகளும், அவற்றைச் செய்த, சோதித்த, கண்காணித்த எண்ணற்ற கைகளும் அந்த ஓட்டத்துக்குப் பின்னால் இருந்தன. சாதனை கைக்கு வந்தபின் அதை ஆயிரம் நாளாக நீட்டிப் பார்க்கும் ஆசை எவருக்கும் எழுவது இயல்பு. ஆனால் 962 நாள்கள் ஓடிய அந்த அலகு, 2018 டிசம்பர் 31 அன்று, கட்டாயப் பரிசோதனைகளுக்கான நேரம் வந்துவிட்டது என்பதற்காக நிறுத்தப்பட்டது. பின்னர் கனடாவின் டார்லிங்டன் நிலையம் 1,106 நாள்கள் ஓடி அச்சாதனையை முறியடித்தது.